லிஃப்ட்டில் யானை

அண்ணா கவிதைப் புத்தகம் போட்டதில் எனக்கு எரிச்சல்தான். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பது வருடம் இரும்பை அளந்துகொண்டிருந்த மனுஷர், ரிடையரானதும் நாலு பேரைப்போல வாக்கிங் போயிருக்கலாம். நாற்பத்தோரு கவிதை எழுதி, நூறு பிரதி அச்சடித்து, அட்டைப்படத்தையும் தானே வரைந்திருந்தார். ஒரு குடைக்குக் கால் முளைத்து அது ரோட்டைக் கடக்கிற படம்.

அதைத் தமிழில் எழுதியதுதான் பெரிய வேடிக்கை. நாங்கள் நாலு தலைமுறையாக செகந்திராபாத்காரர்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் கிடையாது. அம்மா வாரப் பத்திரிகையை வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததால் எங்கள் இருவருக்கும் படிக்க வந்தது. அண்ணி தெலுங்குக்காரி. அண்ணாவின் மகள் தமிழைப் புரிந்துகொள்வாள், தத்தக்கா பித்தக்கா என்று பேசவும் செய்வாள், எழுத்து தெரியாது. மெட்ராஸில் ஒரு கடைக்கு அனுப்பிய கட்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. ஆக, அந்தப் புத்தகத்துக்கு இருந்த ஒரே வாசகி நான்தான். நான் அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன் மேல் டார்ச் லைட்டை வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

“படிச்சியா?”

“ஹவ், ஆமா, படிச்சேன்ணா.”

“எது பிடிச்சுது?”

“எல்லாமே நல்லா இருக்கு.”

“லிஃப்ட்ல யானை மாட்டிக்கிட்டது?”

“அதான் எல்லாத்துலயும் பெஸ்ட்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கணக்கு டீச்சராக இருந்தவள், விடைத்தாளைப் பார்க்காமல் ஒரு நாளும் மார்க் போட்டதில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அதுலயும் அந்தக் கடைசி வரி இருக்கே, எப்படிண்ணா தோணுது உனக்கு?”

அண்ணா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், “யானை எப்படி இருக்கு?” என்பார். “அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு,” என்பேன்.

எட்டு மாதத்தில் அந்த இருமல் பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், “நக்கோ, வேணாம், அங்க போனா இல்லாத வியாதியும் வரும்,” என்று தள்ளிப்போட்டார். சேர்த்தபோது நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது. சேர்த்த மூன்றாம் நாள் காலையில் அவர் மகள் போன் செய்து, “அத்தை, டாடி உங்களையே கேக்குறாரு, ஜல்தி வாங்க,” என்றாள். அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

கிளம்பும்போதுதான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். அண்ணா நிச்சயம் கேட்பார். இந்த ஒரு தடவையாவது படித்துவிட்டுப் பதில் சொல்லவேண்டும் என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏ.எஸ்.ராவ் நகரில் மூன்று ஆட்டோக்காரர்கள் ராமச்சந்திராபுரம் ஆஸ்பத்திரி வரை அவ்வளவு தூரம் வரமாட்டோம் என்றார்கள், நாலாமவனைத் தேடாமல் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசம் ஆனதிலிருந்து பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. செகந்திராபாத்தில் மாறி ஏறிய பஸ்ஸில்தான் ஜன்னலோரம் சீட் கிடைத்தது. கண்டக்டர் கொடுத்த ஜீரோ டிக்கெட்டைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் கவிதை:

என் செருப்புக்கு வேலை கிடைத்துவிட்டது.
காலையில் கிளம்பிப் போகிறது.
நான் வீட்டில் இருக்கிறேன்.

சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டேன். ரிடையரான பிறகு ஒரு வருடம் அவர் வாசல் சோபாவில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்போது நான் அவரை சோம்பேறி என்று கிண்டல் செய்திருக்கிறேன். மறுபடி திறந்து பக்கத்தைப் புரட்டினேன்.

ரேஷன் கார்டில் என் பெயருக்குப் பதில்
மழை என்று போட்டிருந்தது.
திருத்தித் தரச் சொன்னேன்.
நின்றதும் வா என்றார்கள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னவென்று தெலுங்கில் கேட்டாள். எங்கள் அண்ணா எழுதினது என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. அண்ணா சாகக் கிடக்கும்போது பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கூகட்பல்லி டிராஃபிக்கில் பஸ் ஊர்ந்தது. புத்தகத்தில் மின்விசிறி ராஜினாமா செய்தது. சோற்றுப்பானை வாடகை கேட்டது. பூட்டு சாவியை மறந்துவிட்டு வெளியூர் போயிற்று. நாற்பத்தோரு கவிதையும் முடிந்துவிட்டது. யானை வரவில்லை.

பொருளடக்கத்தைப் பார்த்தேன். பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று ஒவ்வொரு தாளாகத் தேய்த்துப் பார்த்தேன். பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை தேடினேன். லிஃப்ட்டும் இல்லை, யானையும் இல்லை. லிங்கம்பல்லி வரும்போது புரிந்துவிட்டது. முதல் ஞாயிறே அவருக்குத் தெரியும். எட்டு மாதமாக நான் படிக்காததைத்தான் அவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காது சுட்டது. போனதும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

போனபோது வாயில் குழாய் போட்டிருந்தார்கள். அரைமணிக்கு முன்னால் போட்டதாக நர்ஸ் சொன்னாள். இனிமேல் பேசமுடியாது, மயக்கத்தில் வைத்திருக்கிறோம், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் அவர் காதருகே குனிந்தேன்.

“அண்ணா, நான் இன்னிக்குத்தான் படிச்சேன். யானை இல்லைண்ணா அதுல.”

மிஷின்தான் மூச்சு விட்டது. ரேஷன் கார்டு கவிதையைச் சொன்னேன். செருப்பைச் சொன்னேன். ஒரு விரல்கூட அசையவில்லை. நர்ஸ் போதும் என்றாள்.

வெளியே பெஞ்சில் அவர் மகள் ஒரு காகிதத்தை நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம், கோணல்மாணலான பேனா எழுத்து. “நேத்து எழுதினாரு. அத்தைக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும், அவகிட்ட குடுன்னாரு. என்ன அது, அத்தை?”

“கவிதைம்மா.”

“படிங்க.”

படித்தேன்.

லிஃப்ட்டில் யானை ஏறியது. ஆள் அதிகம் என்றது லிஃப்ட்.
யானை இறங்கியது.
ஆள் அதிகம் என்றது லிஃப்ட். உள்ளே யாருமில்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். பிறகு காகிதத்தின் அடியில் விரலை வைத்தாள். “இங்க இன்னும் ஏதோ இருக்கே?”

அங்கே எழுதியிருந்தது: ‘கடைசி வரி உனக்குத்தானே ரொம்பப் பிடித்தது. அதை நீயே எழுதிக்கொள்.’

“அது டாடியோட கையெழுத்தும்மா, பேரு போட்டிருக்காரு,” என்றேன்.

அவளுக்குத்தான் தமிழ் எழுத்து தெரியாதே. நம்பிவிட்டாள்.