கூலி என்று எழுதாத அட்டைகள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில், நான் போன கிளினிக் வாசலில் சாலைக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூடான வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நோயாளிகளின் பெயர் பதியும் என் சித்திக்குப் பின்னால், பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கிறேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

கையில் ஆறாத புண்ணோடு ஒருவர் வந்து நின்றார். அவர் மேலெல்லாம் இதே வாடை.

“என்ன வேலைண்ணே?” என்றாள் சித்தி.

“கூலிதான் தங்கச்சி.”

“சரிண்ணே, தினம் கையில என்னத்தத் தொடுறீங்க?”

“தாரு. பதினெட்டு வருஷமா படகுக்குப் பூசுறேன்.”

சித்தி அதை அப்படியே அட்டையில் எழுதினாள். பெரிய கிளார்க் எரிந்து விழுந்தார். “வரிசை வாசல் வரைக்கும் நிக்குதுலா! கூலின்னு போட்டு அனுப்பும்மா.”

“கூலின்னு போட்டா டாக்டருக்கு என்ன சார் தெரியும்?” சித்தி தலைகூட நிமிரவில்லை.

மறு வருடம், எந்தெந்த வேலை புற்றுநோயைத் தருகிறது என்று ஆராய்ந்த ஒரு டாக்டர் பழைய அட்டைகளைப் புரட்டினார். மற்றவர்கள் எழுதியதில் எல்லாரும் கூலிகள். சித்தியின் உருண்டைக் கையெழுத்தில் மட்டும் தாரும் சாயமும் கல்தூசியும் வருடக் கணக்கோடு இருந்தன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார் அவர். பெரிய கிளார்க் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

“ஆன்ட்டி, என்ன வேலை? ரிட்டயர்ட்னு போட்டுடவா?” தார் வாடையோடு உள்ளே போன என்னைக் கிளினிக் கவுண்டர் பெண் கேட்டாள்.

“வேணாம்மா. முப்பது வருஷம் பிரிண்டிங் பிரஸ்ல பெட்ரோலத் தொட்டு மை துடைச்சேன். அத எழுது.”