இமைக்கு மார்ஜின் கிடையாது

நான் தையல்காரன். எந்தத் துணியை வெட்டினாலும் உள்ளே ஒரு விரல் மார்ஜின் விடாம தைக்க மாட்டேன். உடம்பு நாளைக்கு எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் என் வீட்டுக்காரி இமையை வெட்டித் தைக்கப் போறாங்கன்னதும் டாக்டரம்மாகிட்ட முதல்ல இதைத்தான் கேட்டேன்: "மார்ஜின் விடுவீங்கல்ல? பின்னாடி பிடிக்கலன்னா பிரிச்சுக்கலாம்ல?"

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. "வெட்டின தோல் வெட்டினதுதாங்க."



என் வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா. யார் மூஞ்சிக்கு எந்த ஃபிரேம் எடுப்பா இருக்கும்னு பாத்துச் சொல்றவ. பாவம், அவ இமை ரெண்டும் தொங்கிப்போய், வர்றவன் போறவன் எல்லாம் "என்னம்மா, தூக்கமா?"ன்னு கேப்பான். நல்லாத் தூங்கி எந்திரிச்சு வந்தவளைப் பாத்து! ஒருநாள் முதலாளியே "போய் மூஞ்சி கழுவிட்டு வாம்மா"ன்னுட்டாராம். வீட்டுக்கு வந்து அழுதா. "நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேங்க"ன்னா.

வேண்டாம்னு எப்படிச் சொல்றது? எனக்கு அந்த அரைத்தூக்கக் கண்ணுதான் உசுரு. நான் என்ன உளறினாலும் பாதி மூடினபடி சாந்தமா கேட்டுக்கிட்டிருப்பா. அந்தப் பார்வை போயிடுமோன்னு பயம். சொல்லத்தான் வாய் வரல.

ஊசி போட்டு மரத்துப்போக வச்சு, நான் வெளிய ரெண்டு டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூஞ்சியைப் பாத்தா, அடப்பாவிகளா! யாரோ குத்து விட்ட மாதிரி கத்திரிக்காய் கலர்ல வீங்கிக் கிடக்கு. போன் போட்டா, "இது எதிர்பார்த்ததுதான்"னாங்க டாக்டரம்மா. யார் எதிர்பார்த்தா? நான் எதிர்பாக்கலயே!

தலையை உயர்த்திப் படுக்க வச்சேன், ஐஸ் ஒத்தடம் குடுத்தேன். மருந்துப் பிசுபிசுப்புல அவளுக்கு எல்லாம் மங்கலாத் தெரிஞ்சுது. இமையும் முழுசா மூடல. முழிச்சிருக்கான்னு நினைச்சுப் பாதிக் கதை சொல்லியிருப்பேன், குறட்டை வரும். தையலை மட்டும் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பொடித் தையல் என் கைக்கு வராது.

தையல் பிரிச்சு, வீக்கம் வடிஞ்சு, கடைக்குப் போக ஆரம்பிச்சா. தூக்கமான்னு இப்ப ஒருத்தரும் கேக்கலையாம். பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்கு வர்றா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. நான் வாயைத் திறந்தாலே கண்ணை அகல விரிச்சுப் பாக்குறா. கோவமா, ஆச்சரியமா, இல்ல எம்மேல சந்தேகமா? டாக்டரம்மாகிட்ட கேட்டா, "முழுசா அமையக் கொஞ்ச மாசமாகும்"னாங்க. கண்ணு அமைஞ்சிரும். நான் எப்ப அமையறது?

நேத்து சாப்பிடும்போது, சட்டை இறுக்கம்னு சண்டைக்கு வந்த கஸ்டமரை மடக்கின கதையை அளந்துக்கிட்டிருந்தேன். அதே பார்வை. தாங்க முடியல.

"ஏம்மா, எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லையே."

"அப்ப ஏன் இப்படிப் பாக்குற?"

"இந்தக் கதையை நூறு தடவை சொல்லியாச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படித்தாங்க பாத்தேன். உங்களுக்கு இப்பதான் தெரியுது."

எனக்குக் கை அப்படியே நின்னுடுச்சு. அப்ப இத்தனை வருஷமா சாந்தம்னு நான் நம்பினது தொங்கின தோலையா? அதையும் வெட்டிப் போட்டாச்சே!

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க, சொல்லுங்க"ன்னா, கண்ணை என்மேலருந்து எடுக்காம.