அஞ்சலையக்காவின் இடது கன்னம்

பிரசவ வார்டில் காலையில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முத்தையா அண்ணன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"போயிட்டா மிஸ்ஸி. கஞ்சிய ஆத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். கண்ணத் தொறக்கல."

அவர் மனைவி அஞ்சலையக்கா எங்கள் வார்டில் ஆயாவாக வேலை பார்த்தவர். அவரோடு வேலை செய்த, அவர் 'மிஸ்ஸி' என்று கூப்பிட்ட என்னைப் போன்ற தாதிகளுக்கும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் இதை எழுதுகிறேன். அவர் எதனால் இறந்தார் என்று வரும்போது மட்டும் நாம் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். புகையிலையால் இறந்தார். வாய்ப்புற்று.

தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்கள், வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியார் காதில் விழுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அக்கா குனிந்து, "கத்தும்மா, நல்லாக் கத்து. வலிக்கிறது உனக்கு. அவங்களுக்கு என்ன?" என்பார். சீனப் பெண்ணுக்கு ஹொக்கியனில், மலாய்ப் பெண்ணுக்குச் சந்தை மலாயில் அதையே சொல்வார். சொல்லும்போது இடது கன்னம் சற்றுப் புடைத்திருக்கும். தலைமைத் தாதி கண்டித்த பிறகு வார்டுத் தொட்டியில் துப்புவதை நிறுத்தினார். புகையிலையை அடக்கிக்கொள்வதை நிறுத்தவில்லை.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, எப்போது பழகியது என்று கேட்டேன். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் சிறு பெண்ணாக இருந்தபோது பல்வலி வந்ததாம். தோட்டத்து ஆஸ்பத்திரி தூரம். அவருடைய அம்மா ஒரு கிள்ளு புகையிலையைக் கன்னத்தில் வைத்துவிட்டார். வலி மரத்துப்போனது. பிறகு யுத்தம், ஜப்பான்காரன் ஆண்ட காலம். அரிசி கிடைக்கவில்லை, புகையிலை எப்படியோ கிடைத்தது. "பல்வலிக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். எங்க அப்பா சயாமுக்கு ரயில் ரோடு போடப் போயித் திரும்பி வரல, அந்த அழுகைக்கும் அதுதான் மிஸ்ஸி" என்றார். கன்னத்தில் வைத்தபடியே தூங்குவாராம்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த நாள்களில்தான் அவர் ரசத்தைத் தவிர்ப்பதைக் கவனித்தேன். காரம் பட்டால் கண்ணைச் சுருக்குவார். "வாயைத் திறங்கக்கா" என்றேன். சிரித்து மழுப்பினார். விடவில்லை. இடது கன்னத்தின் உட்புறம் பாலாடை ஒட்டியது போல வெள்ளையாக ஒரு திட்டு. அதன் நடுவே சிவந்த சிறு குழி. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முன்பிருந்தே என்றார்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இளம் சீன டாக்டர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: புண் சிறியது, இப்போதே வெட்டி எடுத்துவிடலாம், புகையிலையை இன்றோடு விட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், "மூஞ்சிய அறுத்துக்கிட்டா புள்ளத்தாச்சிங்க பயந்துற மாட்டாங்களா? மொதல்ல இத விட்டுப் பாக்கறேன். புண்ணு தானா ஆறிடும் லா" என்றார். ஆறாது என்றேன். அவர் கேட்கவில்லை.

ஆனால் புகையிலையை உண்மையாகவே விட்டார். அந்த நாள்களை வார்டில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என்றும் கோபப்படாதவர், தண்ணீர் கேட்ட பெண்ணிடம் எரிந்து விழுந்தார். பிறகு துணி அலமாரிக்குப் பின்னால் போய் அழுதார். "உடம்புக்குள்ள யாரோ பிராண்டற மாதிரி இருக்கு" என்றார். கிராம்பு கொடுத்தோம், ஏலக்காய் கொடுத்தோம். பிடிவாதமாகத் தாக்குப்பிடித்தார். கன்னம் ஒட்டி, முகமே வேறாகத் தெரிந்தது.

பிறகு, மழை கொட்டிய ஒரு நாள், முழு மாதம் நிறைந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுத்தவர் அக்காதான். வேலை முடிந்து நாங்கள் இருவரும் தேக்காக் கடைத்தெரு வழியாக நடந்தோம். கடைகளுக்கு முன்னே ஓடும் ஐந்தடிப் பாதையில் இருந்த வெற்றிலைக் கடையில் நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மட்டும் மிஸ்ஸி."

"வேணாங்கக்கா. இவ்வளவு நாள் இருந்துட்டீங்க."

"நீ வீட்டுக்குப் போயி மாதா படத்து முன்னாடி முட்டி போடுவ. நான் என்ன செய்யறது, சொல்லு."

கையை விடுவித்துக்கொண்டு வாங்கிவிட்டார். வாயில் வைத்ததும் அவர் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்த 'இன்னிக்கு' அதன் பிறகு முடியவே இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு அவர் சம்மதித்தபோது புண் தாடை வரை போயிருந்தது. கன்னத்தையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சை. கழுத்தில் மறுபடி கட்டிகள் வந்தபோது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தோ பாயோ அடுக்குமாடியில் அப்போதுதான் அவர்களுக்குப் புது வீடு கிடைத்திருந்தது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத அறையில், முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

நான் போனபோது முத்தையா அண்ணன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "பொகையில கேக்கறா மிஸ்ஸி. சாகப் போறவ கேக்கறா. குடுக்கறதா வேணாமா?" என்றார். உள்ளேயிருந்து அக்கா சுவரைத் தட்டினார். அண்ணன் மடியிலிருந்து சிறு பொட்டலத்தை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா பிரித்தார், முகர்ந்தார், நெடுநேரம் முகர்ந்தார். பிறகு குழறிய குரலில், "எச்சி வத்திப் போச்சு. ஆச மட்டும் வத்தல, பாரு" என்று சொல்லிப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே நான் அவர் வாயிலிருந்து கேட்ட கடைசிப் பேச்சு.

சாவு வீட்டில் வழக்கப்படி தாழ்வாரத்தில் தட்டு வைத்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, ஒரு பெட்டி சிகரெட். வந்தவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே அக்காவின் நல்ல குணங்களைப் பேசினார்கள். முத்தையா அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து புகையிலையையும் சிகரெட்டையும் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஒரு பெரியவர், "என்னப்பா, எல்லா எழவு வீட்லயும் வைக்கறதுதானே?" என்று கேட்டார். "வேற வீட்ல வச்சுக்கட்டும்யா" என்றார் அண்ணன். அந்தப் பெரியவர் தன் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துச் சொந்தப் புகையிலையை எடுத்துக்கொண்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். பிரசவத்துக்கு வரும் நம் பெண்களிடம், வயிற்றைத் தொடுவதற்கு முன், "வாயைத் திறம்மா" என்கிறேன். "புள்ள வயித்துல இருக்கு மிஸ்ஸி, வாயில இல்ல" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கும்போதே பார்த்துவிடுகிறேன்.