ஏழும் எட்டும்

நேற்று திருச்சுழி பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆறுக்கும் எட்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு நாற்பத்தெட்டு என்று ஒருத்தி சாதித்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். நேற்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அந்தக் காலத்தில் அதே நாற்பத்தெட்டைத்தான் சொன்னார்.

அவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். எட்டாம் நாளுக்கு எட்டாம் நாள் லீவு. எனக்கு அருப்புக்கோட்டை நூல் மில்லில் வேலை. ஆறாம் நாள் லீவு. கல்யாணமான புதிதில் இரண்டும் ஒரே நாளில் விழுந்தது. அடுத்தது எப்போது?

"ஆறெட்டு நாப்பத்தெட்டு. ஒண்ணரை மாசம் ஆகும் போல," என்று முகம் வாடினார்.

பத்தாவது படித்த திமிர் எனக்கு. ஈர விரலால் அடுப்படித் தரையில் பகாக் காரணிகளை எழுதினேன். ஆறு என்றால் இரண்டும் மூன்றும். எட்டு என்றால் மூன்று இரண்டுகள். ஆறிலுள்ள இரண்டு எட்டுக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி எழுத வேண்டாம். மூன்றை மட்டும் எட்டோடு பெருக்கினால் போதும்.

"இருவத்திநாலுதாங்க."

அந்த நாளுக்குப் பொதுநாள் என்று பேர் வைத்தோம். திருச்சுழிக்குப் போய்க் கடைத்தெருவைச் சும்மா சுற்றிவிட்டு, கறி எடுத்துக்கொண்டு திரும்புவோம். பக்கத்தில் பயணியாக உட்கார்ந்தாலும் அவர் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். "ஏலே, பஸ்ஸ நான் ஓட்டுறேன். நீ மதினியப் பாரு," என்பார் ஓட்டுகிற சிநேகிதர்.

பிறகு மில்லில் ஆள் பத்தவில்லை என்று, ஒரு பொதுநாளிலிருந்து என் லீவை ஏழாம் நாளாக்கினார்கள். ஏழு பகா எண், உடையாது. எட்டில் இருப்பதெல்லாம் இரண்டுகள். விட்டுவிடுவதற்குப் பொதுவாக ஒன்றும் இல்லை, முழுசாகப் பெருக்கத்தான் வேண்டும். ஐம்பத்தாறு வந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது என்றார்.

"மருதைக்குப் போயி டாக்டர்ட்டக் காட்டிட்டு வாங்களேன்."

"நீயும் வா. அவுக சொல்றது எனக்குத் தனியா வெளங்காது. பொதுநாளைக்குப் போவோம்."

இரண்டு பேருமே இடையில் லீவு கேட்டோம். கிடைக்கவில்லை. மாதம் திரும்புவதற்குள், ஒரு காலையில் வண்டியை எடுக்கப் போனவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார்.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபம். அந்த பஸ் கம்பெனியும் இல்லை. அவர் முகமே சில நாள் சட்டென்று ஞாபகத்துக்கு வர மறுக்கிறது, அதுதான் தாங்கவில்லை.

அப்போது காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். ஐம்பத்தாறாம் நாள் கணக்குத் தப்பாமல் வந்தது. வீட்டில் இருக்க முடியாமல் விடிந்ததும் மில்லுக்கே போய் நின்றேன். வாசலில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு ஒனக்கு லீவாச்சே தாயி," என்றார்.