சாம்பிராணி குடித்த பெட்டி

எங்கள் அடுக்ககத்தின் வாசலில் குப்பை லாரி பின்னால் நகரும்போது எழுப்பும் அந்த நீண்ட ‘பீப்’, ஒரு மூச்சளவு இடைவெளி, மறுபடியும் ஒரு நீண்ட ‘பீப்’. அதைக் கேட்டால் நரை விழுந்த இந்த வயதிலும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. சிகந்தராபாத் பக்கம் நாச்சாரத்து வீட்டில் ஒரு விஜயதசமிக் காலையில் எங்கள் கம்ப்யூட்டர் இப்படித்தான் கத்தியது. திரை கறுப்பாகவே கிடந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

‘எங்கள்’ கம்ப்யூட்டர் என்று சொல்வதே தப்பு. அது கம்பெனியுடையது. மல்லாபூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை கதவைச் சாத்திய வருஷம், அம்மா அமீர்பேட்டுக்கு பஸ் ஏறிப்போய்ப் படித்து, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை வாங்கினாள். வீட்டிலிருந்தே செய்ய ஒரு பெட்டியும், குரலை ஓட்டவும் நிறுத்தவும் காலால் அமுக்கும் பெடலும் கொடுத்தார்கள். பெட்டியின் முதுகில் ஒரு காகித ‘சீல்’. அது கிழிந்தால் பெட்டியும் வேலையும் போய்விடும் என்று, கொண்டுவந்து வைத்தவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சோறு அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருந்தது. நான் அந்தப் பக்கம் பலமாக மூச்சுகூட விடமாட்டேன்.

திருநெல்வேலிக்காரியான அம்மாவுக்கு சோறு போடும் மிஷின் சாமிக்குச் சமம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்பிராணி காட்டுவாள். உள்ளே சுழலும் விசிறி அந்தப் புகையை ஆசையாக இழுத்துக் குடிக்கும். சரஸ்வதி பூஜையன்று என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர்கள் இவற்றோடு பெட்டியும் பூச்சரம் சூட்டிக்கொண்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் ‘மறுபூசை’ ஆகும்வரை தொடக்கூடாது. டாக்டர்களுக்கு ஏது சரஸ்வதி பூஜை? ஒரு குழந்தையின் இதயத்தைப் பற்றிய குறிப்பு, ஆபரேஷனுக்கு முன் போய்ச் சேரவேண்டியது, அடித்து முடித்தபின் அனுப்பப்படாமல் உள்ளேயே கிடந்தது. நமக்கு விடிந்தபின் அனுப்பினாலும் அங்கே முந்தின ராத்திரிதானே என்று அம்மா துணிந்திருந்தாள்.

மறுபூசை முடித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். பீப்.

கம்பெனிக்கு போன் போட்டோம். தசரா அன்று இந்த ஊரில் யார் வேலைக்கு வருவார்கள்? வாட்ச்மேன்தான் எடுத்தார், எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், பண்டிகை கழிந்து கூப்பிடுங்கள் என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கென்னவோ அந்தச் சத்தம் பெட்டியினுடையதாகவே தோன்றவில்லை. முகம் தெரியாத அந்தக் குழந்தையின் நெஞ்சுதான் உள்ளிருந்து கத்துகிறது, இரண்டு பீப்களுக்கு நடுவில் அது நின்று நின்று போகிறது என்று தோன்றியது. அம்மா சுவிட்சை அணைத்தாள். அந்த நிசப்தம் சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

அப்பா சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். பயம் வந்தால் அவர் பேச்சில் அந்த ஊர் உருதுவான தக்கினி ஏறிவிடும். “நக்கோ, தொடாதே. கைக்கு, எதுக்கு அதை நோண்டணும்? சீல் போச்சுன்னா எல்லாம் போச்சு.”

அம்மா சீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அங்க ஒரு பிள்ளைய அறுக்கப் போறாங்க. நான் அடிச்சது இங்க கெடக்கு. இந்தக் காயிதத்தைக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்லுதீங்களா?”

அமீர்பேட்டு வகுப்பில் ஒரு மிஷின் இதே மாதிரி கத்தியபோது, அங்கிருந்தவர் உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகியதைப் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்பா பூஜைத் தட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தார். திருகாணிகளைக் கழற்றினார். சீலை மட்டும் தொடவில்லை. அதை அம்மாதான் நகத்தால் கீறினாள்; அந்தச் சின்னக் ‘கிர்ர்’ என் பல்லில் கூசியது. மூடி திறந்ததும் எங்கள் முகத்தில் அடித்தது சாம்பிராணி வாசனை. உள்ளே எல்லாவற்றின் மேலும் திருநீறு பூசியதுபோல் சாம்பல் படிந்திருந்தது.

“கும்பிட்டே மூச்சை அடைச்சிருக்கே, தாயே” என்றார் அப்பா.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, என் புத்தகக் கட்டுக்கிடையிலிருந்த ரப்பரால் அம்மா தேய்த்தாள். செருகினாள். தட்டினாள். மறுபடியும் அந்த நீண்ட பீப். அவள் கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அம்மா பயந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை, என் பயமெல்லாம் அதற்குமுன் வெறும் விளையாட்டு. அணைத்துவிட்டு, பட்டையின் இரு முனையிலும் கட்டைவிரலை ஊன்றி, மாவு பிசைகிறவள்போல் முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். ‘டக்’கென்றது. இந்தத் தடவை சின்னதாக ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு, அந்தக் குறிப்பு கடல் கடந்து போனது. குழந்தை என்ன ஆயிற்று என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

சோற்றுப் பசையால் சீலை ஒட்டிவிடலாம் என்றார் அப்பா. அம்மா சம்மதிக்கவில்லை; கிழித்ததைக் கம்பெனிக்குப் போனில் அவளே சொல்லிவிட்டாள். பண்டிகை கழிந்ததும் கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான், கிழிசலைப் பார்த்தான், என் கையில் ஒன்றுமில்லை ஆன்ட்டி என்று தெலுங்கில் முனகிக்கொண்டே ஒயர்களைப் பிடுங்கினான்.

அப்பா ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அம்மா அதன்பின் எதையும் தட்டச்சு செய்யவில்லை. இப்போது டாக்டர் பேசப் பேச மிஷினே எழுதிக்கொள்கிறதாம். காலால் அமுக்குகிற பெடல் என்று ஒன்று இருந்ததை என் மகளுக்குப் படம் வரைந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது. அவளுடைய மெலிந்த லேப்டாப்பைத் திறக்க எங்கே திருகாணி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உள்ளே கைவிட்டுப் பயந்து பயந்து பிழைக்கவைத்த மிஷின்களின் காலம் முடிந்துபோயிற்று.

கம்பெனிப் பையன் வந்த அன்று வாசலில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பையன் பெட்டியைக் காலடியில் வைக்கப் போனான். அம்மா தெலுங்கை மறந்து தமிழிலேயே சொன்னாள்.

“கீழ வைக்காதய்யா, குலுங்கும். மடியில வச்சுக்கிட்டுப் போ.”