கவ்வாத்துக் கத்திக்கு அளவெடுத்த கதை

எங்கள் கத்திச் சங்கத்தில் மூன்று பேர். ஒருவன் ஹட்டனில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். இன்னொருவன் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். மூன்றாவது ஆள் நான். போட்டோகொப்பி அடித்து, போனுக்கு ரீலோட் போட்டு, அடையாள அட்டைக்குப் படம் பிடித்துப் பிழைக்கிற கொமியூனிகேஷன் கடைக்காரன். மூவரில் கத்தியைப் பற்றி அதிகம் பேசுகிறவன் நான்தான். கத்தியால் நான் செய்யும் ஆகப் பெரிய வேலை, பார்சலில் ஒட்டிய டேப்பை அறுப்பது. அதற்கே பெருவிரலில் தையல் போட்டிருக்கிறது.

எங்களைப் பிடித்த வியாதி, மடங்காத கத்தி. அலகும் பிடியும் ஒரே இரும்பாக ஓடுகிற சாதி. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் காட்டில் தனியாக உட்கார்ந்து விறகைச் சீவுகிற வீடியோவை, படம் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்து பார்ப்போம். பார்த்துப் பார்த்து, சொந்த டிசைனில் ஒரு கத்தி செய்தே தீருவது என்று முடிவானது. வெல்டிங்காரனிடம் நல்ல லொறி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடந்தது. ஒரு கத்திக்குத்தான் காணும். வெட்டிவிட்டால் வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

நான் என் டிசைனை வரைந்து நீட்டினேன். முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி, நுனி ஏரோப்பிளேன் மூக்கு மாதிரி.

வெல்டிங்காரன் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். "இது கத்தியா, தேரா? வடம் பிடிக்க ஆள் வேணுமே மச்சான்."

சமையல்காரன் சிரிக்கவில்லை. "எங்கப்பா கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒண்ணு செய்ங்கடா" என்றான்.

அவனுடைய அப்பா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. இவனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது செத்துப் போனார். கத்தி தோட்டத்துச் சாமான், ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டது. இருந்த ஒரே படமும் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகி நனைந்து, முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கறைதான் மிச்சம். "அவரு மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. கத்திதான் ஞாபகம் இருக்கு. அதுவும் போச்சுன்னா அப்பான்னு ஒண்ணுமே இல்ல" என்றான். அதற்குப் பிறகு யார் என் தேரைப் பற்றிப் பேசுவது?

அன்றிலிருந்து அவன் சொல்லச் சொல்ல நான் அட்டையில் வரைவேன். வெல்டிங்காரன் அதைச் சவுக்குக் கட்டையில் செதுக்குவான். கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை, மறுபக்கம் தட்டை. அதையும் ஒழுங்காகச் செதுக்கிக் காட்டுவான். சமையல்காரன் கையில் வாங்கி, திருப்பி, கண்ணை மூடி, திறந்து, "இது இல்ல" என்பான். வளைவைக் கூட்டினோம், இல்ல. குறைத்தோம், இல்ல. நுனியை மழுக்கினோம், அதுவும் இல்ல.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு 'இல்ல' சொல்லலடா" என்றான் வெல்டிங்காரன்.

கடைசியில் நாலு மாதிரிகள் மிஞ்சின. அவற்றைப் படமெடுத்து எங்கள் பேஸ்புக் குழுவில் போட்டு வாக்குக் கேட்கலாம் என்றது நான். பின்னணியில் தேயிலை மலையும் கொஞ்சம் பனியும் இருந்தால் லைக் கொட்டும் என்றதும் நான்தான். அப்பா வேலை செய்த மலைக்கே போவோம் என்றான் சமையல்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு ஓட்டோ பிடித்துப் போனோம்.

அந்த மலையைத் தோட்டம் கைவிட்டுப் பல வருடம். தேயிலை செடியாக இல்லை, மரமாக நின்றது. தலைக்கு மேல் கிளைகள் பின்னிக் கிடக்க, உள்ளே வெளிச்சம் இல்லை. பாதையோரம் பாசி பிடித்த ஒரு தட்டைக் கல். படத்துக்கு இதைவிட நல்ல மேடை வருமா? பாசியைச் செருப்பால் தேய்த்துவிட்டு, நாலு கத்தியையும் வரிசையாக அடுக்கினேன். பாசிக்கு அடியிலிருந்து துருப்பிடித்த சின்னச் சூலம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதையும் படத்துக்குள் வரும்படி நிமிர்த்தி வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

சமையல்காரன் முகம் மாறியது. "டேய், செருப்பாலயா தேச்ச? இது கவ்வாத்து சாமிடா. கத்தியெல்லாம் இப்படி வரிசையா வச்சுக் கும்பிட்டுத்தான் மலைக்குள்ள எறங்குவாங்க. வச்சாச்சுன்னா வெட்டுத் தொடங்கியாச்சுன்னு அர்த்தம்."

"கட்டக் கத்திடா. சாமிக்கு வித்தியாசம் தெரியாதா?" என்றேன். என் சொந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

படமெடுக்கப் போனைத் தூக்கினேன். திரையில் வெள்ளை. லென்ஸைத் துடைத்தேன், மறுபடியும் வெள்ளை. நிமிர்ந்து பார்த்தால் பனி இறங்கி, கல்லுக்கு அப்பால் மலையே இல்லை. பக்கத்தில் நின்ற வெல்டிங்காரன் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தான்.

அப்போது கீழிருந்து கேட்டது. சரக். சரக். பிறகு ஒரு சின்ன இருமல். மறுபடி சரக், சரக், இருமல்.

"எவனோ விறகு வெட்டுறான்" என்றேன். விறகு வெட்டினால் கிளை முறிகிற சத்தம் வரும், இழுக்கிற சத்தம் வரும். இது ஒரே வெட்டில் முடிகிற சத்தம். வரிசை பிடித்து, செடி செடியாக, எங்களை நோக்கி மேலே ஏறி வந்தது.

சமையல்காரன் ஒரு அடி எடுத்து வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"போகாத மச்சான். பள்ளம் தெரியாது."

"அந்த இருமலு..." என்றான். "லயத்துல படுத்திருப்பேன். அந்த இருமலு வாசலுக்கு வந்தாத்தான் தூங்குவேன்."

சட்டையை உருவிக்கொண்டு பனிக்குள் போய்விட்டான். என் கையில் ஒரு பித்தான் மட்டும் இருந்தது.

நாங்கள் இருவரும் அவனுக்குப் பின்னால் பாய்ந்தோம் என்று எழுத ஆசைதான். நான் ஒரு கட்டைக் கத்தியை எடுத்துப் பனியை நோக்கி நீட்டினேன். "அலகைப் புடிச்சிருக்கடா" என்று வெல்டிங்காரன் மெல்லச் சொன்னான். திருப்பிப் பிடித்தேன். சரக், சரக். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். சத்தம் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை, இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற ஓசைகூட. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் தீர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் மாதாவையும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

பனி ஒதுங்கியபோது அவன் கொஞ்சம் கீழே நின்றிருந்தான், முதுகைக் காட்டி. கிட்டப் போனோம். அந்தக் காட்டுக்கு நடுவில், பாயை விரித்தது போல, ஒரு வரிசைத் தேயிலை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கப்பட்டிருந்தது. வெட்டிய கிளைகள் அங்கேயே கிடந்தன, விறகுக்கு என்று யாரும் அடுக்கவில்லை. வெட்டுவாயில் ஈரம் இன்னும் காயவில்லை.

வெல்டிங்காரன் குனிந்து ஒரு வெட்டைத் தடவினான். அடுத்ததைத் தடவினான். "எல்லாம் மறுபக்கமாச் சாஞ்சிருக்கு" என்றான். "வலது கையால வெட்டுனா இப்படி விழாது. நொட்டாங்கை."

திரும்பும் வழியில், சிக்னல் வந்த இடத்தில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, சமையல்காரன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா எந்தக் கையால கவ்வாத்து வெட்டுவாரு?"

"சோத்துக்குச் சோத்தாங்கை, கத்திக்கு நொட்டாங்கை. கங்காணி ஏசாத ஏச்சில்ல. ஏன்டா, இத்தன வருஷம் கழிச்சு இப்பக் கேக்குற?"

"சும்மாதாம்மா" என்று வைத்துவிட்டான்.

வெல்டிங்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "வளைவுல தப்பே இல்லடா. நான் சாணையத்தான் பக்கம் மாத்திப் போட்டிருக்கேன். நீ பார்த்த கத்திக்குச் சாணை இடது பக்கம்." கல்லில் விட்டுவந்த மாதிரிகளை எடுத்து வரலாமா என்று யாரும் கேட்கவில்லை.

விறகுக்கு வந்த எவனோ ஒரு நொட்டாங்கைக்காரன் எங்களைக் கண்டு பயந்து ஓடியிருப்பான் என்று நான் இன்றைக்கும் சொல்வதுண்டு. பகலில், நாலு பேர் இருக்கிற இடத்தில்.

அடுத்த நாள் என் கடையில் கடைசி அளவெடுத்தோம். சாணை இடது பக்கம் என்று குறித்தாயிற்று. "நீ வலது கைக்காரன். இத வச்சு ஒரு வெங்காயம்கூட நறுக்க முடியாது, யோசிச்சுக்கோ" என்றான் வெல்டிங்காரன். யோசித்துவிட்டதாகச் சமையல்காரன் சொன்னான். மிச்சமிருந்தது பிடியின் அளவு. அதற்குக் கையை அட்டையில் வைத்துச் சுற்றி வரைய வேண்டும். இடது கையை விரித்து வைத்தான். நான் பென்சிலை விரலோடு ஒட்டிப் பிடித்தேன்.

"ஒட்டாத" என்றான். "தள்ளிப் புடி. இன்னும் கொஞ்சம். ஆங், அவ்வளவுதான்."

"உங்கப்பா கை அளவு உனக்கு எப்படிடா தெரியும்? நீ அஞ்சு வயசுப் புள்ள."

அவன் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்துப் புடிச்சிருந்தேன்ல."

விரலுக்கும் பென்சிலுக்கும் நடுவே அவன் காட்டிய இடைவெளியை விட்டு, சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், அங்கே இல்லாத ஒரு கையைச் சுற்றி மெதுவாக வரைந்துகொண்டே போனேன்.