மாடு கட்டி இழுத்த தகர வீடு

தகர வீட்டுல மழை வெளியேதான் பெய்யணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ராத்திரி பூரா நாம விடுற மூச்சு கூரைக்கு அடியில போய்ப் பனியா ஒட்டிக்கும். காலையில அடுப்பைப் பத்தவெச்சதும் அத்தனையும் உருகித் தலையில, படுக்கையில, ரொட்டியில கொட்டும். வெளியே எட்டிப் பாத்தா வானம் பளிச்சுன்னு இருக்கும். உலகத்தோட தெக்குக் கோடியில, இந்த நாத்தாலெஸ் பக்கம் நாங்கல்லாம் இப்படி நனைஞ்சு நனைஞ்சே வயசானவங்க.

நொல்பெர்த்தோ வென்சூர் எனக்கு எதிர்ப்பக்கத்துக்காரன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பண்ணை நிலத்தோட மூலையில, பிரிச்சுப்போட்ட பழைய கொட்டகைத் தகரத்தை வெச்சு அவனே கட்டிக்கிட்ட வீடு. அவன் பண்ணைக்கு வேலி அடிச்ச காலத்துல பெரிய முதலாளி "இருந்துக்கோ"ன்னு வாய்வார்த்தையா சொன்னது. அந்த வீட்டுலதான் அவன் பொண்ணு யாஸ்னாவுக்கு நெஞ்சுல சளி கட்டி, இருமி இருமி உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. எப்படியோ ஆஸ்பத்திரியில பொழைச்சுது. அங்கேயிருந்து வெளியே வந்த அன்னிக்கே அவன் பொண்டாட்டி எதெல்மீரா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சிலோயே தீவுக்கு, அவ அம்மா வீட்டுக்குக் கப்பல் ஏறிட்டா.

"சுவர் வியர்க்காத வீட்டைக் கட்டு, வர்றேன். அதுவரைக்கும் கூப்பிடாதே." இதுதான் அவ சொல்லிட்டுப் போனது. நியாயந்தானே? நான் அவ இடத்துல இருந்தா இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே பெரிய பெரிய தகரக் கொட்டகைங்களுக்குக் குளிர் தாங்க உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைக்கிற வேலை. அந்தப் பஞ்சு இருக்கே, சனியன், தோல்ல முள்ளா ஏறும். சாயங்காலம் வந்து, வெந்நீர் பட்டா இன்னும் உள்ளே போகும்னு பச்சைத் தண்ணியில கையைக் கழுவிக்கிட்டு நிப்பான். மிச்சம் விழுற துண்டு துணுக்கெல்லாம் மேஸ்திரி அவனுக்கே குடுத்துட்டார். ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரும் பந்தாட்டம் பாக்கப் போவாங்க; இவன் அந்தத் துண்டுங்களை ஒட்டவெச்சு ஒட்டவெச்சுத் தகரத்துக்கு உள்பக்கம் அடைப்பான். அதுக்கு மேல பிளாஸ்டிக் விரிப்பு, அதுக்கு மேல ஒட்டுப்பலகை.

"விரிப்புல ஊசி ஓட்டை இருக்கக்கூடாது, தோன்யா எர்மிந்தா. ஆளு விடுற மூச்சு பஞ்சுக்குள்ள போச்சுன்னா ஊறிடும். ஊறின பஞ்சும் ஒண்ணு, ஈரச் சாக்கும் ஒண்ணு"ம்பான் என்கிட்ட.

"உன் பொண்டாட்டிக்குக் கூட இப்படிப் போர்வை போத்தியிருக்க மாட்டியே"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிக்க மாட்டான். மூணு வருஷம் இப்படியே போச்சு. கடைசிக் குளிர்காலத்துல, வெளியே வாளித் தண்ணி கல்லாக் கிடக்கிற காலையில, சுவத்துல கன்னத்தை வெச்சுப் பாத்தானாம். காஞ்சு கிடந்துச்சாம். என் வீட்டுக்கு ஓடிவந்து போன் கேட்டான். எதெல்மீரா, "ஏப்ரல்ல வர்றோம். ஒரே ஒரு குளிர்காலம் இருந்து பாப்பேன்"னா.

மார்ச்சுல பண்ணைக்குப் புது மேனேஜர் வந்தான், அஸ்துதீயோன்னு ஒருத்தன். தண்ணிக்கரை தெரியுற அந்த மூலையில வெளிநாட்டுக்காரனுங்க தங்கக் குடில் கட்டணுமாம். நொல்பெர்த்தோ தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டுப் போய் நின்னான்.

"தகரம் உன்னது, தரை எங்களது. தீவுக்காரங்க வீட்டையே இழுத்துட்டுப் போவீங்களாமே? இழுத்துட்டுப் போயேன்"னு சொல்லி மேனேஜர் சிரிச்சிருக்கான்.

அந்தப் பய கேலியாத்தான் சொன்னான். ஆனா நாங்கல்லாம் பொறந்த சிலோயே தீவுல அதுதானே வழக்கம்! மர வீட்டை அடியோட பேத்து, நீளமான ரெண்டு அடிமரத்து மேல ஏத்தி, ஊரே கூடி மாடு கட்டி இழுப்போம். எங்க அப்பன் வீடு குன்னுல இருந்து கடற்கரைக்கு அப்படித்தான் வந்துச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் நிலத்துல ஒரு துண்டு தர்றேன்னு சொன்னேன். பிரிச்சுக் கட்டலாமான்னு ஒருத்தர் கேட்டதுக்கு, "பிரிச்சா மாசக்கணக்காகும். அவ அடுத்த மாசம் வர்றா"ன்னுட்டான் நொல்பெர்த்தோ.

அன்னிக்கு இருந்த கொண்டாட்டம் இருக்கே! செகுந்தோ கிழவன் நுகத்தடியும் மாடுமா வந்துட்டான். ஆம்பளைங்க கயிறு பிடிச்சாங்க. நான் ஆப்பிள் சாராயம் ஊத்திக் குடுத்தேன்.

"ஏலேய், இந்த வீடு உன் பொண்டாட்டியை விடக் கனமா இருக்கேடா!"ன்னான் செகுந்தோ.

"அவளை எப்பய்யா நீ தூக்கிப் பாத்தே?"ன்னு நொல்பெர்த்தோ கேட்டான். அவன் வாயில இருந்து கேலி வந்து எத்தனை வருஷமாச்சு! வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

சாக்கடைப் பள்ளத்துல இறங்கறப்ப வீடு ஒரு பக்கமா சாஞ்சு, தகரம் கிறீச்னு கத்துச்சு. அப்புறம் நிமிந்துடுச்சு. மேல ஏறி வந்ததும் உள்ளே போய்ப் பாத்தோம், அலமாரியில ஒரு கோப்பை உடையல. மேனேஜர் பண்ணை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! கைதட்டிக் கைதட்டி எனக்கு உள்ளங்கை எரிஞ்சுது.

எதெல்மீரா வந்தா. எல்லாச் சுவத்தையும் கையால தடவிப் பாத்தா. அப்புறந்தான் பெட்டியைத் திறந்தா. ரெண்டு மாசம் அந்த வீட்டுல பாட்டுச் சத்தமும் யாஸ்னா ஓடுற சத்தமுமா இருந்துச்சு.

ஜூன் வந்துச்சு, எங்க பக்கம் அப்பதான் குளிர்காலம்; உறைபனி விழுந்துச்சு. ஒரு காலையில பலகை இடுக்குல இருந்து மெல்ல ஒரு சொட்டு இறங்குச்சு. மறுவாரம் படுக்கைத் தலைமாட்டுல பழுப்பா ஒரு திட்டு. நொல்பெர்த்தோ பலகையைப் பேத்தான். நானும் பக்கத்துல நின்னேன். மூலைக்கு மூலை விரிப்பு கிழிஞ்சு தொங்குது. ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் தகரத்துல நீளமாப் பிளந்து வெளிச்சம் தெரியுது. பஞ்சு முழுக்க ஈரத்துல சரிஞ்சு தரையில குமிஞ்சு கிடக்கு. மேல பாதி வெறும் தகரம். மரம்னா வளைஞ்சுட்டு நிமிந்துக்கும். தகரம் ஆணியில கிழியும்னு எங்க ஒருத்தருக்கும் தோணலையே! ஒரு நாள் கூத்துல மூணு வருஷத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கோம், பாவிங்க.

யாஸ்னாவுக்கு இருமல் திரும்பிடுச்சு.

"வசந்தம் வந்ததும் எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி அடைச்சுடுறேன், எதெல்மீரா. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம்"னு கெஞ்சினான்.

அவ கத்தல. பிள்ளைக்குச் சட்டை மேல சட்டை மாட்டிக்கிட்டே சொன்னா: "வருஷம் உனக்கு வரும்யா. இவளுக்கு மூச்சு வரணுமே."

கப்பல் ஏறிட்டாங்க. அப்புறம் அவ போனும் எடுக்கல.

குடில் கட்டி முடிச்சாங்க, எல்லாம் தகரந்தான். உள்ளே பஞ்சு அடைக்க மேனேஜர் யாரைக் கூப்பிட்டான்கிறீங்க? இவனைத்தான். இவனும் போனான். போகாம தகரத்தையா தின்ன முடியும்? வெளிநாட்டுக்காரனுங்க இப்ப ஜூலை மாசக் குளிர்ல பனியனோட அங்கே உக்காந்து வைன் குடிக்கிறானுங்க. இவன் கையைச் சொறிஞ்சுக்கிட்டே ரோட்டைத் தாண்டி வந்து, கிழிஞ்ச சுவத்துக்குள்ள பிளாஸ்டிக் விரிப்பைப் போத்திக்கிட்டுப் படுக்கிறான்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போன வாரம் வாசல்ல மறிச்சுக் கேட்டுட்டேன்: "ஏன்டா, ஊரான் வீட்டுக்கெல்லாம் அடைக்கிறியே, அதுல மிஞ்சின துண்டு மூட்டை மூட்டையா உன் வாசல்லயே கிடக்கே. உன் வீட்டை எப்படா அடைப்பே?"

"யாருக்கு?"ன்னான்.